நாலு தேசத்தில் ஒரு குடும்ப ஜெபம்

யாழ்ப்பாணத்து வேதக்காரர் வீடுகளிலே பிறந்து வளர்ந்தவர்களுக்குக் குடும்ப ஜெபம் இன்னதென்று விளக்க வேண்டியதில்லை. பொழுதுபட்டு விளக்கேற்றியதும் விறாந்தையிலே பாய் விரிக்கப்படும். வெளியிலே விளையாடிய பிள்ளைகள் கால் கழுவி வந்து அமர்வர். தாய் ஒரு பாட்டைத் தொடங்குவாள். தகப்பன் வேதாகமத்தில் ஒரு பகுதியை வாசிப்பார். கடைக்குட்டி ஒரு வசனத்தை மனப்பாடமாக ஒப்புவிக்கும். பின்பு யாவரும் முழந்தாளிட்டுக் கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லி எழுவர். எல்லாம் சேர்ந்து கால் மணி நேரத்துக்கு மேற்படாது. இடையிலே விருந்தினர் வந்தாலும் அது நிற்பதில்லை. வந்தவர் சைவராயிருப்பினும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயின் ஓரத்திலே அமைதியாக அமர்ந்திருந்து, முடிந்த பின்பே தாம் வந்த அலுவலைப் பேசுவார். கத்தோலிக்க வீடுகளிலே இதே நேரம் செபமாலைக்குரியது. தவக்காலம் வந்துவிட்டால், பதினெட்டாம் நூற்றாண்டிலே யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் இயற்றிய வியாகுலப் பிரசங்கத்தை இராகத்தோடு வாசிக்கும் வழக்கமும் அவர்களிடையே உண்டு.

அந்தப் பாய் இப்பொழுது மிகவும் நீண்டு விட்டது. 1983ஆம் ஆண்டுக்குப் பின்னர் நம் குடும்பங்கள் சிதறிய கதையை இங்கே திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை. தாய் ஊரிலே, மூத்தவன் ரொறன்ரோவிலே, நடுவிலாள் இலண்டனிலே, இளையவன் மெல்பேணிலே. இப்படியாக ஒரே வீட்டுப் பிள்ளைகள் நாலு தேசங்களிலே குடியிருப்பது நம்மிடையே ஒரு புதுமையன்று. 2020ஆம் ஆண்டு பங்குனி மாதத்திலே நோய்த்தொற்றின் காரணமாக ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டு, கோயில்களும் அடைபட்ட காலத்திலே, இத்தகைய குடும்பங்கள் பல கைத்தொலைபேசியின் முன்னே ஒன்றுகூடிக் குடும்ப ஜெபம் நடத்தத் தொடங்கின. நோய் தணிந்தது, கோயில்கள் திறந்தன, ஆயினும் பல வீடுகளில் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நிற்கவில்லை.

நேரம் பார்ப்பதே முதற் சங்கடம். யாழ்ப்பாணத்திலே மாலை ஏழு மணி என்றால், கோடைகாலத்து ரொறன்ரோவிலே அது காலை ஒன்பதரை. மாரி காலத்திலே எட்டரை. இலண்டனிலே மதியச் சாப்பாட்டு நேரம் கழிந்திருக்கும். மெல்பேணிலோ நள்ளிரவை அண்டிவிடும். அங்குள்ள பேரப்பிள்ளைகள் உறங்கிப் போயிருப்பர். ஆகவே அம்மம்மாவின் ஏழு மணியை ஐந்து மணிக்கு நகர்த்துவதா, அல்லது கனடாவிலுள்ளோர் ஞாயிறு காலையில் அலாரம் வைத்து எழுவதா என்ற வழக்கு ஆண்டிலே இரண்டு முறை, அந்நாடுகளிற் கடிகாரத்தை மாற்றும்போதெல்லாம், புதிதாக எழும். இது சிறிய காரியம்தான். எனினும் அதிகாலையில் எழுந்து தலை வாரி வந்து உட்காரும் பத்து வயதுப் பிள்ளைக்கு, தன் வீட்டார் எதனைப் பெரிதாக மதிக்கின்றனர் என்பதை அந்த அலாரமே சொல்லிக் கொடுக்கிறது.

வேத வாசிப்புக்குக் கருவியால் இடையூறில்லை. ஜெபத்துக்கும் இல்லை. பாட்டு வரும்போதுதான் எல்லாம் குழம்பும். அம்மா ஊரிலிருந்து முதலடியை எடுக்கிறாள்; மகன் ரொறன்ரோவிலிருந்து கூடப் பாடுகிறான்; அவன் குரல் அவளுக்கு ஒரு சொல் பிந்திக் கேட்கிறது. பிந்துகிறானே என்று இவள் நிதானிக்கிறாள். அவள் நிதானிப்பது அவனுக்கும் பிந்தியே கேட்கிறது. அவன் மேலும் நிதானிக்கிறான். இரண்டாவது சரணத்துக்கு வருமுன்னே பாட்டு சவ ஊர்வலம் போல் நகரத் தொடங்கும். பிள்ளைகள் சிரித்துவிடுவர். "உங்கள் வீட்டு இணைப்புச் சரியில்லை" என்று ஒருவரையொருவர் குறை கூறுவர். கூடுதலாகப் பணம் கட்டி வேகமான இணைப்பைப் பெற்றவர்களும் உண்டு. அவர்களுக்கும் பாட்டு ஒன்றுபடவில்லை.

இதற்குக் காரணம் இணைப்பின் குற்றமன்று. பூமியின் பருமனே காரணமாகும். இதனை மாணவர்கள் தாமாகவே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒலி காற்றிலே விநாடிக்கு ஏறக்குறைய 340 மீற்றர் தூரம் செல்லும். ஆகவே பத்து மீற்றர் தள்ளி நிற்பவரின் குரல் நம்மை வந்தடைய ஒரு விநாடியை ஆயிரம் கூறாக்கியதில் 30 கூறு வேண்டும். சேர்ந்து பாடுவோரும் வாசிப்போரும் தாளம் பிசகாமற் தாங்கக்கூடிய தாமதம் ஏறக்குறைய இவ்வளவே. அதற்கு மேற்பட்டால் ஒருவர்க்கொருவர் காத்திருக்கத் தொடங்குவர், தாளம் தளரும். நீண்ட பழைய தேவாலயங்களிலே ஒரு கோடியில் ஓர்கனும் மறுகோடியிற் சபையாரும் இருக்கும்போது பாட்டு இழுபடுவதைக் கேட்டிருப்பீர்கள். அதுவும் இந்தக் கணக்கே. இனிக் கடலைப் பாருங்கள். கடலடியிற் செல்லும் கண்ணாடி இழையிலே ஒளி விநாடிக்கு ஏறக்குறைய 2,00,000 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிறது. யாழ்ப்பாணத்துக்கும் ரொறன்ரோவுக்கும் இடையே மிகக் குறுகிய வழியே அளந்தாலும் 13,000 கிலோமீற்றருக்கு மேலாகிறது. ஒளிக்கே அங்கே போய்ச்சேர ஆயிரத்தில் 65 கூறு வேண்டும். திரும்பி வர அவ்வளவு. இழைகளோ நேர்வழியிற் செல்வதில்லை. இதன் மேல், குரலைத் துண்டு துண்டாக்கிப் பொதி செய்து அனுப்பி, அங்கே அவிழ்த்து வரிசைப்படுத்தும் வேலைக்கும் நேரம் பிடிக்கிறது. எல்லாம் கூடிப் போய்வரக் கால் விநாடிக்கு மேலாவது சாதாரணம். நிமிடத்துக்கு 80 தட்டு என்ற நடையிலே பாடும் ஒரு பாட்டில் கால் விநாடி என்பது ஒரு தட்டின் மூன்றிலொரு பங்கு. எந்த வித்துவானாலும் அதனைச் சமாளிக்க முடியாது. அம்மம்மாவை நோகாதீர்கள்.

இன்னொரு தொல்லையும் உண்டு. பேச்சுக்கென அமைக்கப்பட்ட இந்தக் கருவிகள், இடைவிடாது ஒரே நிலையில் ஒலிப்பதை எல்லாம் மின்விசிறியின் இரைச்சல் என்று எண்ணி அமுக்கிவிடும். நாம் ஆர்மோனியத்தின் சுருதியைப் பிடித்துக்கொண்டு தொடங்கினால், மறுபக்கத்தில் அது சற்று நேரம் கேட்டுப் பின் மறைந்து போகும். இரண்டு பேர் ஒரே வேளையிற் பாடினால் உரத்த குரலை மட்டும் அனுப்பி மற்றதை விழுங்குவதும் உண்டு. சில செயலிகளிலே இசைக்காக 'மூல ஒலி'யை அப்படியே அனுப்பும் ஒழுங்கும் இருக்கிறது. வீட்டிலுள்ள இளைஞரைக் கேட்டால் ஒரு நிமிடத்திற் செய்து தருவர். அதனாற் சுருதி மீளும், தாமதம் மீளாது.

ஆகவே பாட்டைப் பொறுத்தவரை ஒரே வழிதான் உண்டு. ஒரு வீட்டார் மட்டும் ஒலிவாங்கியைத் திறந்து வைத்துப் பாட, மற்றைய வீட்டார் தத்தம் ஒலிவாங்கிகளை மூடிவிட்டு அவர்களோடு சேர்ந்து பாட வேண்டும். கேட்பவர்களுக்குத் தாமதம் தெரியாது. பாட்டு ஒழுங்காகவே வந்து சேரும். ஆனால் தலைமை தாங்கிப் பாடுபவருக்கு ஒருவரது குரலும் கேளாது. ஊரிலே தனியாக இருக்கும் தாய், சிறு கண்ணாடியிலே அசையும் பன்னிரண்டு வாய்களைப் பார்த்துக்கொண்டு, தன் குரலொன்றையே கேட்டுப் பாட வேண்டியவளாகிறாள். இது கொடுமையென்றே சொல்வேன். யோவான் எழுதிய இரண்டாம் நிருபத்தின் முடிவிலே, எழுதுவதற்கு அநேக காரியங்கள் உண்டெனினும் அவற்றை மைக்கும் தாளுக்கும் ஒப்புவிக்க மனமின்றி, நேரில் வந்து கண்டு பேசவே தாம் நம்பியிருப்பதாக அவர் சொல்கிறார். அக்காலத்துத் தபாலைப் பற்றி அவருக்கிருந்த மனக்குறைதான் இக்காலத்துத் தாய்க்கும் இருப்பது. ஆனாலும் அவர் அந்த நிருபத்தை எழுதாமல் விடவில்லை.

பாட்டுத் தலைமையை ஒவ்வொரு கிழமையும் ஒவ்வொரு வீட்டுக்கு மாற்றிக் கொடுத்தால் பாரம் குறையும். அதனால் எதிர்பாராத நன்மையொன்றும் உண்டாகிறது. பாயிலே பத்துப் பேரோடு கூடி இருந்த காலத்திலே, வாயை மட்டும் அசைத்துக்கொண்டு தப்பிக்கொண்ட பிள்ளைகள் உண்டு. இப்பொழுது தன் முறை வந்த கிழமையிலே பாட்டை முழுதும் அறிந்திருந்தாலன்றிப் பிள்ளையால் தப்ப முடியாது. இலண்டனிலுள்ள சிறுமி ஒருத்தி ஒரு சரணத்தைத் தனியாகப் பாட, மற்ற மூன்று தேசத்திலும் அவள் குரலைப் பின்பற்றிப் பெரியவர்கள் பாடுவதை ஒரு நாள் கண்டேன். அவள் எடுத்த சுருதி பெரியப்பாவுக்குச் சற்று உயரந்தான். அவர் கழுத்து நரம்பு புடைக்கப் பாடினார்.

சுருதி என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. பிள்ளைகள் பாடுவதில்லை என்று குறைபடும் பெற்றோர் பலர், தாழ்ந்த ஆண்குரலிற் பதிவான பாட்டைப் போட்டுவிட்டு அதனோடு பாடும்படி அவர்களை ஏவுகின்றனர். ஆறு ஏழு வயதுப் பிள்ளையின் குரல் அவ்வளவு கீழே இறங்காது. அது வெறுமனே முணுமுணுக்கும். சில நாளில் தனக்குப் பாட வராது என்று முடிவு செய்துவிடும். முன்னாளிலே தாய்மார் பாட்டைத் தொடங்கும்போது கடைக்குட்டியின் குரலுக்கேற்றவாறு சுருதியை எடுத்தனர். அதனை அவர்களுக்கு ஒருவரும் கற்பிக்கவில்லை. பதிவு செய்த பாட்டுக்கு அந்தப் பிள்ளை இன்னாரென்று தெரியாது.

நமது பிள்ளைகள் எதைப் பாடுகிறார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. நம் ஆலயங்களிலே இரண்டு ஆறுகள் ஒன்றாக ஓடுகின்றன. ஒன்று மேனாட்டு மெட்டிலே தமிழாக்கப்பட்ட ஞானப்பாட்டு. 1814ஆம் ஆண்டிலே மெதடிஸ்த மிஷனரிமாரும், 1816ஆம் ஆண்டிலே அமெரிக்க மிஷனரிமாரும் இலங்கையின் தமிழ்ப் பகுதிகளுக்கு வந்தபோது தங்கள் மெட்டுகளையும் உடன் கொண்டுவந்தனர். மற்றையது கீர்த்தனை. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் 1774இற் பிறந்து 1864இல் மறைந்தவர். சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்து கற்றவர். சரபோஜி மன்னரின் காலத்திலே வாழ்ந்தவர். கர்நாடக இராக தாளங்களிலே கிறிஸ்துவைப் பாடியவர். 'பெத்லகேம் குறவஞ்சி' அவருடையதே. இந்தக் கீர்த்தனைகளை ஆலய ஆராதனைக்கு ஏற்பதா என்று ஐயுற்றவர்கள் அக்காலத்திலே இருந்தனர். இப்பொழுது அவற்றை விட்டால் நமக்குச் சொந்தமென்று சொல்ல வேறென்ன உண்டு? கீர்த்தனையின் உயிர் அதன் கமகத்திலே இருக்கிறது. கட்டை அழுத்தினால் ஒரே சுரம் ஒலிக்கும் கருவியிலே அது முழுதாக வராது. பாரிசிலே 1842இல் உரிமைப் பதிவு பெற்ற ஆர்மோனியத்தை இந்தக் காரணத்தையும் கருதி அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை விலக்கி வைத்திருந்தது. நான் அவ்வளவு கடுமைக்குப் போக மாட்டேன். ஆனால் தானாகவே தாளம் போடும் மின்விசைப் பலகையைத் தட்டிவிட்டு, அதன் ஓட்டத்துக்குக் கீர்த்தனையை இழுத்துக் கட்டுவதைக் கேட்கும்போது, ஆர்மோனியத்தை விலக்கியவர்கள் நினைவுக்கு வருகின்றனர்.

மொழியைப் பற்றிய வழக்கு இதைவிடப் பெரியது. தமிழெழுத்து அறியாத பேரப்பிள்ளைகளுக்காகப் பாட்டுகளை ஆங்கில எழுத்திலே அச்சிட்டுத் திரையிலே காட்டும் வழக்கம் புலம்பெயர்ந்த சபைகளிலே பரவியிருக்கிறது. நல்ல நோக்கந்தான். ஆனால் அந்த எழுத்திலே லகரமும் ளகரமும் ழகரமும் பெரும்பாலும் ஒன்றாகிவிடும். மீட்பின் வழி என்று பாட வேண்டிய பிள்ளை மீட்பின் வலி என்று பாடும். தாய்க்குத் தூக்கிவாரிப் போடும். பிள்ளைக்கு இரண்டும் பொருளற்ற ஓசையே. 'நான் ஆங்கிலத்திலே ஜெபம் பண்ணக் கூடாதா?' என்று அப்பிள்ளை கேட்டால் என்ன மறுமொழி சொல்வது? என் கருத்திலே, ஜெபம் பிள்ளைக்கு எந்த மொழியில் உள்ளத்திலிருந்து வருகிறதோ அந்த மொழியிலேயே இருக்கட்டும். கடவுளுக்கு ஆங்கிலம் தெரியும். பாட்டையோ தமிழிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். பேச வராத மொழியிலும் பாட வரும். ழகரமும் அம்மம்மா ஒருமுறை திருத்தினால் நாவிலே ஏறிவிடும். வாரத்துக்கு ஒரு சரணம், பொருளைக் கேட்டறிந்து மனப்பாடம் செய்தால், ஆண்டொன்றிலே பத்துப் பதினைந்து பாட்டுகள் பிள்ளைக்குச் சொந்தமாகும்.

இனி, பாடுவதை விட்டுவிட்டுக் கேட்பது மட்டும் நிலைத்துவிட்ட வீடுகள். காணொளித் தளத்திலே ஒரு பாட்டைப் போட்டு, அதனைக் குடும்ப ஜெபத்தின் பாட்டென்று வைத்துக்கொள்வது எளிது. பாடகர் நன்றாகப் பாடுவார். வாத்தியம் சிறப்பாக இருக்கும். ஆனால் முழந்தாளிட்டு ஒரு நிமிடம் ஆகுமுன்னே சவர்க்கார விளம்பரம் முழங்கும். அல்லது நாம் கேளாத அடுத்த பாட்டு தானாகவே தொடங்கும். இதற்கு மேல், பிள்ளைகள் ஒவ்வொருவரும் காதுக்குள் ஒலிப்பானைச் செருகிக்கொண்டு தனித்தனியே கேட்கத் தொடங்கினால், ஒரே பாயிலிருந்தும் அவர்கள் ஒரே இடத்தில் இருப்பவர்களல்லர். உடல்நலத்துக்கும் இதனால் ஊறு உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலின்படி, வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதாயின் பெரியவர்களுக்கு 80 டெசிபலும் சிறுவர்களுக்கு 75 டெசிபலுமே எல்லை. ஒலி 3 டெசிபல் கூடுந்தோறும் கேட்கத் தகும் நேரம் பாதியாகக் குறையும். அதே நிறுவனம் 2019ஆம் ஆண்டு வெளியிட்ட அறிவுரையிலே, இரண்டு முதல் நாலு வயது வரையான குழந்தைகள் திரையின் முன் அமர்ந்திருப்பது நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படலாகாது என்கிறது. அம்மம்மாவைக் காணும் கால் மணி நேரத்தையும் அந்தக் கணக்கிற் சேர்ப்பதா என்று ஒரு தாய் கேட்டாள். சேர்த்தாலும் முக்கால் மணி மிஞ்சுகிறதே; அதனைக் கேலிச்சித்திரத்துக்குக் கொடுக்கலாம்.

கருவிகளையே பகைப்பதற்கு நமக்கு நியாயமில்லை. நம் வீடுகளிலே அவை செய்த உபகாரம் சிறிதன்று. 1990ஆம் ஆண்டிலே போர் மீண்டும் மூண்டபோது குடாநாட்டிலே மின்சாரம் நின்றது. மின்கலங்களும் தடைசெய்யப்பட்ட பொருட்களுள் அடங்கின. அந்நாட்களிலே சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, சில்லைக் கையாலே சுற்றி, டைனமோவிலிருந்து எடுத்த மின்சாரத்தினால் வானொலியையும் ஒலிநாடாப் பெட்டியையும் இயக்கினோம். சுற்றுகிறவன் களைத்தால் பாடகரின் குரல் தாழ்ந்துகொண்டே போகும், "சுற்றடா!" என்று நாலு குரல் எழும்பும். பெருநாட் காலத்திலே அப்படிக் கேட்ட பாட்டுகளை இன்றைக்கும் சிலர் சற்றே தளர்ந்த நடையிலேதான் பாடுகின்றனர். வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்த ஒலிநாடாவிலே, பிள்ளை பேசி அனுப்பிய கடிதத்தைத் தேய்ந்து போகும்வரை கேட்ட தாய்மார் எத்தனை பேர்!

தோமஸ் எடிசன் 1877ஆம் ஆண்டிலே ஒலிப்பதிவுப் பொறியைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டிலே ஓர் அமெரிக்க சஞ்சிகையில் அதன் பயன்கள் இன்னின்ன என்று ஒரு பட்டியல் எழுதினார். சங்கீதத்தைப் பதிந்து கேட்பது அதிலே முதலிடம் பெறவில்லை. கடிதம் சொல்லி எழுதுவிப்பதே முதலிலே நின்றது. குடும்பத்தவர் தம் சொந்தக் குரலிலே சொல்லும் வார்த்தைகளையும் நினைவுகளையும், மரிப்பவர்களின் கடைசி வார்த்தைகளையும் சேமித்து வைப்பது என்ற ஒன்றும் அதிலே இருந்தது. அன்று பணக்காரருக்கும் எட்டாதிருந்த அந்தப் பயன் இன்று நம் ஒவ்வொருவரின் சட்டைப்பையிலும் கிடக்கிறது. ஆயினும் ஊரிலே எண்பது வயதைத் தாண்டிய பாட்டிமாரின் குரலிலே ஒரு கீர்த்தனையாவது பதிந்து வைத்திருக்கும் வீடு எத்தனை? அச்சுப் புத்தகத்திலே பாட்டின் சொற்கள் இருக்கும். இராகத்தின் பெயரும் இருக்கும். ஆனால் தங்கள் ஊர்க் கோயிலிலே அந்த அடியை எப்படி வளைத்துப் பாடினார்கள் என்பது அதிலே இல்லை. அது அவர்களுடைய தொண்டையிலே மட்டுந்தான் இருக்கிறது.

வருகிற நத்தாருக்கு ஊருக்குப் போகிறவர்கள் இதனைச் செய்யலாம். மின்விசிறியை நிறுத்துங்கள். தொலைபேசியை வெறும் மேசையில் வையாது, மடித்த துணியின் மேல், பாடுகிறவரிடமிருந்து ஒரு கைநீளத்திலே வையுங்கள். தொடங்குமுன் பாடுகிறவரின் பெயரையும் ஊரையும் நாளையும் நீங்களே சொல்லிப் பதியுங்கள். முப்பது ஆண்டு கழித்துக் கேட்கிறவனுக்கு அது வேண்டியிருக்கும். பதிந்ததை ஒரே தொலைபேசியில் விட்டுவிடாமல், இரண்டு வெவ்வேறு வீடுகளிலே இரண்டு பிரதியாக வையுங்கள். தொலைபேசிகள் தொலைவதும், மாற்றும்போது எல்லாம் அழிந்து போவதும் தினமும் நடப்பவை. குரல் நடுங்குகிறதே, இன்னொரு நாள் பாடுகிறேன் என்று அவர்கள் மறுக்கக்கூடும். வற்புறுத்தாதீர்கள், நீங்கள் பிழையாகப் பாடத் தொடங்குங்கள், அவர்கள் திருத்துவார்கள். பாட்டு முடிந்தவுடனே கருவியை நிறுத்திவிடாதீர்கள். "இதை எங்களுக்கு ஆர் சொல்லித் தந்தது தெரியுமோ?" என்று அவர்கள் கேட்பது பெரும்பாலும் அதற்குப் பின்புதான்.